மிதவையில் நின்ற படகும் ஜெட்டியில் மூழ்கிய படகும்

புரொக்டர் இளையதம்பி பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் விட்ட பிழை அல்ல. தெரிந்தே எழுதிய பொய்.

கோர்ட்டில் வழக்குப் பேசுகிற அவர், போன மாத இதழில் கண்டிக் குளத்துப் படகுச் சங்கத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார். கரையிலிருந்து தண்ணீருக்குள் போகிற ஜெட்டியை இன்னும் நீளமாகக் கட்டப் போகிறார்களாம். ஒவ்வொரு பாய்ப்படகுக்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே சொந்த இடம் கிடைக்குமாம். முன்காலத்தில் படகுகளைக் குளத்தின் நடுவே மிதவையில் கட்டிவைத்தது அறியாமையாம். அது அவருடைய அபிப்பிராயம், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கடைசிப் பந்தியில், ‘ஸ்டெல்லா’ என்ற படகைக் குடிபோதையில் இருந்த ஒரு தண்டயல் ஜெட்டியில் தளரக் கட்டியதால் இழந்தோம் என்று எழுதியிருக்கிறார்.

யாழ்ப்பாணக் கரையில் பாய்க்கப்பலை நடத்துகிறவரைத் தண்டயல் என்பார்கள். எங்கள் தண்டயலின் பெயர் கந்தையா. அவர் குடித்திருக்கவில்லை. படகு தளரக் கட்டப்பட்டிருக்கவும் இல்லை. என் பெயர் சவரிமுத்து. அந்தக் குளத்தில் பதினேழு வருடம் வேலை செய்து, மூன்று மாதத்துக்கு முன்தான் படகுக்கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று நான் அங்கே இருந்தேன். ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. ஆனால் அந்தக் குளத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கோபம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விடுகிறது. காலை ஐந்தரை மணிக்குத் தண்ணீரின் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பனி நிற்கும். படகுகளின் உடல் தெரியாது. ஆறு பாய்மரங்கள் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் நட்டுவைத்ததுபோல் தெரியும். குளக்கரைப் புத்த கோயிலான மாளிகைப் பக்கமிருந்து மேளச் சத்தம் தண்ணீரில் ஊர்ந்து வரும். நான் சிறு தோணியில் போவேன். துடுப்பு விழுகிற சத்தம்கூட வேறு யாரோ துடுப்புப் போடுகிறார்கள் என்பதுபோல் தூரத்தில் கேட்கும். பிறகு ஹந்தானை மலையிலிருந்து காற்று இறங்கும். காற்று முகத்தில் படுவதற்கு முன்பே ஆறு படகும் மெல்ல முகம் திருப்பும். யாரும் சொல்லாமல், ஒன்றையொன்று பார்க்காமல், ஒரே பக்கமாகத் திரும்பும். எத்தனை வருடம் பார்த்தாலும் நான் துடுப்பை நிறுத்திவிடுவேன். பாய்மர உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். அதன் எச்சத்தைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவுவதும் என் வேலைதான். ஒரு நாள் ஸ்டெல்லாவின் பலகையில் ஒரு கபரகொய்யா, ஆள் நீள நீருடும்பு, ஏறிப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்னால் நான் பயந்துவிட்டேன் என்பதும் உண்மை.

நான் குளத்தில் பிறந்தவன் அல்ல. மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில், வார் பார்க்கிறவனாக இருந்தேன். இயந்திரச் சக்கரத்திலிருந்து ரோலருக்கு ஓடுகிற தோல்வார் தளர்ந்தால் வழுக்கும். வழுக்கினால் கழன்று ஆளை அடிக்கும். அதனால் தளர்ந்ததைக் கண்டால் இறுக்கு. இருபது வருடம் இந்த ஒரே பாடம். முப்பத்தெட்டு வயதில், உடைந்துபோன வார்ச்சக்கரங்கள் ஆறை லொறியில் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வந்தேன். படகுச் சங்கம் அவற்றை வாங்கியிருந்தது. கரையில் நின்ற கறுத்த, மெலிந்த மனிதர் ஒருவர் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார்.

“இறக்கும் காணும். குளத்துக்குள்ள போடுவம்.”

“நல்ல இரும்புங்க. தண்ணியில போடவா இம்புட்டுத் தூரம் கொண்டாந்தேன்?”

“நல்ல இரும்பெண்டபடியாத்தான் போடுறம். கெட்ட இரும்பெண்டா தோட்டத்திலேயே கிடந்திருக்குமே.”

அவர்தான் கந்தையா. எங்களையெல்லாம் ‘காணும்’ போட்டுத்தான் கூப்பிடுவார். வங்காளக் கரைவரை பாய்க்கப்பலில் போய் வந்தவர். மனைவி இறந்தபின் கடலில் இருக்கப் பிடிக்காமல் கண்டிக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் குளத்தைச் ‘சட்டி’ என்பார். “உங்கட சட்டிக்குள்ள ஒரு கப்பல்” என்பார். சக்கரங்களை இறக்க ஒரு பகல் ஆனது. மாலையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார். ஸ்டோர்த் தூசி என் நெஞ்சைக் கெடுத்திருந்தது, ஆகவே இருந்துவிட்டேன். பாய் விரிக்க, சுக்கான் பிடிக்க, நீந்தப் பழக இரண்டு வருடம் போனது. அதை விவரித்து யாருக்கு என்ன பயன்.

மிதவையில் கட்டும் முறையை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரொக்டர் அதைத் தப்பாக எழுதியிருக்கிறார். இரும்புச் சக்கரம் அடிச்சேற்றில் புதைந்துவிடும். அதிலிருந்து கனத்த சங்கிலி, சங்கிலியின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் சிவப்புச் சாயம் பூசிய மரப்பீப்பாய். அந்தப் பீப்பாய்தான் மிதவை. சங்கிலியும் கயிறும் சேர்ந்து தண்ணீரின் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். குறைத்தால் காற்று இழுக்கும்போது சக்கரம் சேற்றை விட்டுக் கிளம்பும். கூட்டினால் படகு பக்கத்துப் படகோடு போய் மோதும். படகை மூக்கில் மட்டும் கட்டுவோம், பின்பக்கத்தைச் சும்மா விடுவோம். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் படகு அதற்கு முகம் காட்டி நிற்கும். தண்ணீர் ஏறினால் படகும் ஏறும், இறங்கினால் இறங்கும். புல்வெளியில் நீளக் கயிற்றில் கட்டிய மாடு மாதிரி. சனிக்கிழமைதோறும் சங்கிலியை இழுத்தெடுத்துப் பார்ப்போம். சேற்றிலிருந்து சங்கிலி மேலே எழும்புகிற இடத்தில் உள்ள நாலைந்து கண்ணிகள்தான் எப்போதும் தேயும். தண்டயல் அவற்றைக் கண்ணால் பார்க்கமாட்டார். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு பெருவிரலால் தடவுவார். ஒரு கண்ணியில் விரல் நின்றால், “இது போயிட்டுது” என்பார். அவ்வளவுதான். மாற்றிவிட வேண்டும்.

பாயோடு திரும்பி வந்து மிதவையைப் பிடிப்பதுதான் கெட்டித்தனம். காற்றுக்கு எதிராக வந்து, வேகம் தானாகச் செத்து, படகின் மூக்கு மிதவையின் மேல் வந்து நிற்க வேண்டும். வேகமாக வந்தால் தாண்டிப் போகும், மெதுவாக வந்தால் போய்ச் சேராது. சங்கத்து ஐயாமார் ஐந்து தரம், ஆறு தரம் சுற்றுவார்கள். குளக்கரைத் தெருவில் சனம் நின்று சிரிக்கும். அப்போது சங்கத்தின் காரியதரிசி புரொக்டர் இளையதம்பிதான். ஸ்டெல்லாவும் அவருடைய படகுதான். ஒரு ஞாயிறு அவர் ஏழு தரம் சுற்றினார். ஏழாம் தரம் எட்டிப் பிடிக்கப் போய், வெள்ளைக் கால்சட்டையோடு தண்ணீரில் விழுந்தார்.

தண்டயல் கரையில் நின்றபடி சொன்னார்: “ஐயா மிதவைக்குச் சம்மன் அனுப்பிப் பாக்கிறார். அது கோட்டுக்கு வரமாட்டன் எண்டுது.”

கரையில் எல்லோரும் சிரித்தோம். தண்ணீரின் மேல் சத்தம் நன்றாகப் போகும் என்பதை மறந்து சிரித்தோம். புரொக்டருக்கு அது கேட்டது.

நியாயமாகவும் எழுத வேண்டும். எனக்கும் மிதவை பிடிக்கவில்லை. கரையில் மணி அடித்தால் நான் தோணியை எடுத்துப்போய் ஒவ்வொருவரையும் படகில் ஏற்ற வேண்டும், பிறகு இறக்க வேண்டும். மழை பெய்தால் ஒவ்வொரு படகாகப் போய்த் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைத்து முடித்துக் கரைக்கு வரும்போது மறுபடி தூறும். ஜெட்டி இருந்தால் நடந்துபோய்ச் செய்யலாம். இதை நான் தண்டயலிடம் பலமுறை சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

“ஜெட்டி வந்தா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது? கால் நனையாம வேல செய்யலாமில்ல?”

“கால் நனையாம இருக்கிறதெண்டா நீர் தபால் கந்தோரில சேர்ந்திருக்கலாம்.”

“பகிடி விடாதீங்க. காரணத்தச் சொல்லுங்க.”

“ஜெட்டி அசையாது. தண்ணி அசையும். ரெண்டுக்கும் நடுவில படகு. இதுக்கு மேல என்ன காரணம் வேணும் காணும்?”

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கயிற்றைச் சுருட்டத் தொடங்குவார். ஏற்கெனவே சுருட்டி வைத்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டுவார். நாங்கள் அதைப் பார்த்து விலகிப் போய்விடுவோம். வெற்றிலை போடுவார், சுருட்டுப் பிடிப்பார். சாராயம், கள்ளு ஒன்றும் தொடமாட்டார். தகப்பன் குடித்துக் கெட்டவராம். கிறிஸ்து பிறந்த நத்தார் அன்று என் வீட்டில் ஒரு கிண்ணம் வைன் கொடுத்தேன். கிண்ணத்தைத் தொட்டு என் மனைவிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திருப்பி வைத்தார். பதினொரு வருடம் அவரோடு வேலை செய்தவன் சொல்கிறேன்.

புரொக்டர் தண்ணீரில் விழுந்த அடுத்த வருடம் ஜெட்டி வந்தது. கரையிலிருந்து நீண்ட பலகைப் பாதை, அதன் ஓரமாக ஆறு இடம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பக்கமும் தூண். படகு கொட்டிலுக்குள் போகிற மாடுபோல் தலையை நுழைத்து நிற்க வேண்டும். முன்னால் இரண்டு கயிறு, பின்னால் இரண்டு கயிறு. பலகைப் பாதையைத் தாங்கும் குறுக்கு மரங்கள் படகின் விளிம்புக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தண்டயல் அதைப் பார்த்துவிட்டு, தூண்களில் ஏறி இறங்கக்கூடிய இரும்பு வளையம் போட்டுத் தரும்படி கேட்டார். கயிற்றை வளையத்தில் கட்டினால் தண்ணீரோடு வளையமும் ஏறும். வளையம் அசிங்கமாக இருக்கும் என்று புரொக்டர் மறுத்துவிட்டார். அதனால் தண்டயல் ஒவ்வொரு கயிற்றையும் ஒரு முழம் தளர விட்டுக் கட்டுவார். காலையிலும் மத்தியானத்திலும் தண்ணீரைப் பார்த்து மாற்றுவார். அந்த முதல் சில மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். செருப்போடு நடந்துபோய்த் தண்ணீர் இறைத்தேன். அதிகாலையில் மட்டும் ஏதோ குறைந்திருந்தது. காற்று வரும், படகுகள் திரும்பாது. தூணில் இடித்துக்கொண்டு முனகும்.

பிறகு அந்தப் படகுப்போட்டி நாள். ஐப்பசி மாதம். காலையில் வெயில் எரிக்கும், பின்னேரம் இடி இடிக்கும் காலம். நாலு மணிக்குப் பெரிய உத்தியோகத்துத் துரை ஒருவரின் துரைசாணி வந்து பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. குளம் விளிம்புவரை நிறைந்து அழகாக இருக்க வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டதால், மிஞ்சிய தண்ணீர் வெளியே போகிற மதகில், நாங்கள் வான் என்போம், மூன்று நாளைக்கு முன்பே பலகை வைத்து அடைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குப் புரொக்டர் ஜெட்டிக்கு வந்தார். படகுகளில் கொடித் தோரணம் கட்டியிருந்தோம்.

“கந்தையா, உந்தப் படகெல்லாம் ஏன் தலையாட்டுது?”

“தண்ணியில நிண்டா ஆடுந்தானே ஐயா.”

“பகிடி வேண்டாம். துரைசாணி வரேக்கை பாய்மரமெல்லாம் கோயில் மெழுகுதிரி மாதிரி நேர நிக்க வேணும். கயித்தை இழுத்து இறுக்கிக் கட்டு.”

“வானை அடைச்சுக் கிடக்கு ஐயா. ஒரு மழை பெய்தா ஒரு முழம் ஏறும். இறுக்கினா விளிம்பு மரத்துக்குக் கீழ போயிடும்.”

“வானத்தைப் பார். எங்கை மழை?”

“ரெண்டு மணிக்குப் பாப்பம்.”

“நான் உன்னட்டைக் காலநிலை கேக்கேல்லை. இறுக்கிக் கட்டெண்டு சொன்னன். சொன்னது விளங்கிச்சுதோ?”

தண்டயல் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, “விளங்கிச்சுது ஐயா” என்றார். ஐந்து படகுகளின் கயிற்றை என் கண் முன்னாலேயே இழுத்து இறுக்கிக் கட்டினார். புரொக்டர் போய்விட்டார். நானும் கதிரைகளைத் தூக்கி அடுக்கப் போய்விட்டேன். கடைசிப் படகான ஸ்டெல்லாவைத் தண்டயல் தனியாகக் கட்டினார்.

பன்னிரண்டரைக்கு நான் ஜெட்டியில் நடந்து வந்தேன். அந்த வெயிலில் தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. தோரணத்தின் நிழல் தண்ணீரில் வேறொரு தோரணமாகத் தொங்கியது. எல்லாம் தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. ஐந்து பாய்மரம் நேராக நின்றன. ஸ்டெல்லா மட்டும் மெல்லத் தலையாட்டியது. குனிந்து பார்த்தேன். அதன் நாலு கயிறும் தண்ணீருக்குக் கீழே தொய்ந்து கிடந்தன, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி. தண்டயல் தளர விட்டுவிட்டார், வயதாகிறது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். புரொக்டர் கண்டால் அவருக்குத்தான் ஏச்சு விழும் என்றும் நினைத்தேன். தளர்ந்ததைக் கண்டால் இறுக்கு. நாலையும் இழுத்து இறுக்கினேன். தேயிலைப் பெட்டிக்கு ஸ்டோரில் போடுகிற முடிச்சைப் போட்டேன். அது நனைந்தால் இன்னும் இறுகும், வெட்டினால்தான் விடும். ஸ்டெல்லா அசையாமல் நின்றது. நான் திருப்தியோடு சீருடை மாற்றப் போனேன்.

அவர் மறக்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. மற்ற ஐந்தையும் இறுகக் கட்டினாலும், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்குப் போட்டு வைத்திருந்தார். ஸ்டெல்லா ஜெட்டியின் கோடியில் இருந்தது, எல்லாவற்றிலும் கனமானது, அதன் விளிம்பு குறுக்கு மரத்துக்கு மிகக் கிட்ட இருந்தது. மழை வந்தால் ஐந்தையும் ஓடி ஓடி அவிழ்க்கும்வரை அது தாங்க வேண்டும். அதனால் அதற்கு மட்டும் தளர்ச்சியை ஒளித்து வைத்திருந்தார். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புரொக்டர் கேட்கும்போது நான் பொய் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்திருப்பார். அல்லது எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

ஒன்றரைக்கு ஹந்தானை மறைந்தது. மழை துளியாக வரவில்லை, ஒரேயடியாகக் கொட்டியது. சுற்றிலுமுள்ள மலைத் தண்ணீரெல்லாம் வடிகான் வழியாகச் சிவப்பாக இறங்கியது. நான் வானடிக்கு ஓடினேன். பலகையைக் காவல் காத்த பண்டா குடைக்குள் குந்தியிருந்தார்.

“பலகைய எடுங்க! தண்ணி ஏறுது!”

“எனக்குத் தெரியும் தண்ணி ஏறுறது. ஓடர் இல்லை. புரொக்டர் மாத்தையா சொல்லணும்.”

புரொக்டர் துரைசாணியை எதிர்கொள்ள வீட்டில் உடுத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பி ஓடி வந்தபோது தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. தண்டயல் நான்காவது படகை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு, படகு விடுபடும். மழைக்குள் அது ஏதோ விளையாட்டுப்போல் இருந்தது. ஐந்தாவதும் விடுபட்டது. அதற்குப் பிறகுதான் அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அதன் விளிம்பு குறுக்கு மரத்துக்குக் கீழே போய்ச் சிக்கியிருந்தது. தண்ணீர் மேலே தள்ள, மரம் கீழே அமுக்க, படகு சாய்ந்து ஒரு பக்கமாகக் குடிக்கத் தொடங்கியிருந்தது.

அவர் கயிற்றின் மேல் கை வைத்தார். இழுத்தார். வரவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்டி முழுவதிலும் அந்த முடிச்சைப் போடுகிற படகுக்காரன் நான் ஒருவன்தான்.

“கத்தி” என்றார்.

கொடுத்தேன். முன்கயிறு இரண்டையும் வெட்டினார். பின்கயிறு ஒன்று மரத்துக்குக் கீழே போயிருந்தது. இடது கையை உள்ளே விட்டுத் தடவினார், சனிக்கிழமைகளில் சங்கிலியைத் தடவுவதுபோல், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு. படகு ஒரு தரம் புரண்டது. அவர் சத்தம் போடவில்லை. “காணும், கை சிக்கிப் போச்சு” என்று மட்டும் சொன்னார். நான் தண்ணீருக்குள் குதித்துத் தோளால் படகைத் தள்ளினேன். கை வந்தது. மூன்று விரல் நசுங்கியிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஸ்டெல்லா அவசரமில்லாமல், தோரணத்தோடு, கீழே போனது. பாய்மரத்தின் உச்சி மட்டும் வெளியே நின்றது. அதில் ஒரு சிறு கொடி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

படகுக்கொட்டகைக்குள் அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். காயத்துக்கு ஊற்ற ஒன்றும் இல்லை. சங்கத்து அலுமாரியைத் திறந்து சாராயப் போத்தலை எடுத்துக் கையில் ஊற்றினேன். அவருடைய சட்டையெல்லாம் நனைந்தது. அரை மணி கழித்துப் புரொக்டர் வந்தபோது கொட்டகை முழுவதும் அந்த மணம்தான்.

விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. தண்டயல் ஆசுபத்திரியில். கமிட்டி ஐயாமார் வரிசையாக இருந்தார்கள். கேள்வி கேட்டது புரொக்டர்.

“கந்தையாவில சாராயம் மணந்ததோ?”

“மணந்துச்சுங்க. ஆனா ஐயா, அது நான்…”

“கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல். மணந்ததோ இல்லையோ?”

“மணந்துச்சு.”

“போதும். இதில கையெழுத்து வை.”

வைத்தேன். கயிறு யார் கட்டியது என்று அவர் கேட்கவில்லை. இறுக்கமாக இருந்ததா, தளர்வாக இருந்ததா என்றும் கேட்கவில்லை. கேட்டால் உத்தரவைப் பற்றிய பேச்சு வரும். கேட்காததைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் முடிச்சு நினைவில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை கொட்டகைச் சாவி என் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

தண்டயலை ரயிலேற்ற நான் போனேன். கையில் கட்டு. பெட்டியை நான் தூக்கினேன். ரயில் வரும்வரை மேடையில் நின்றோம்.

பிறகு நான் சொன்னேன்: “தண்டயலய்யா, அந்தக் கயிறு…”

“தெரியும்.”

“நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அதுவும் தெரியும்.” கொஞ்சம் சிரித்தார். “நல்ல முடிச்சு காணும். பெட்டிக்கு.”

ரயிலில் ஏறியபின் ஜன்னலால் குனிந்து, “ஒரு உதவி. எனக்கு ஒரு நற்சாட்சிக் கடுதாசி எடுத்து அனுப்பும். ஏழு விரலோடும் சுக்கான் பிடிக்கலாம். குடிகாரன் எண்டு எழுதிக் கிடந்தா ஒருத்தனும் ஏத்த மாட்டான்” என்றார்.

நான் மூன்று தரம் புரொக்டரிடம் கேட்டேன். மூன்றாம் தரம் என்னுடைய வேலையும் வேண்டாமா என்று கேட்டார். அதோடு நிறுத்திவிட்டேன். தண்டயல் மறுபடி கப்பல் ஏறவில்லை. மகள் வீட்டில் இருந்து வலைக் கிழிசல் பொத்துகிறார்.

அதன்பின் ஆறு வருடம் ஜெட்டியை நான் பார்த்துக்கொண்டேன். முதல் வேலையாகத் தூண்களில் இரும்பு வளையம் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. அசிங்கமாகத்தான் இருந்தது. ஒரு படகும் மூழ்கவில்லை. ஆகவே ஜெட்டியா மிதவையா என்று இப்போது வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் என் பதில் இதுதான்: ஜெட்டி மனிதருக்கு வசதி, மிதவை படகுக்கு வசதி. ஜெட்டியில் கட்டினால் படகுக்குப் பதிலாக நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கச் சோம்பல் என்றால் மிதவையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போ, அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். புரொக்டர் எழுதியதுபோல் மிதவை அறியாமை அல்ல. சில காலை வேளைகளில் இப்போதும் கனவில் ஆறு படகும் பனிக்குள் முகம் திருப்புகின்றன. நான் துடுப்பை நிறுத்துகிறேன். காற்று வந்து சேர்வதற்குள் விழித்துவிடுகிறேன்.

போன வாரம் தண்டயலின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஊர் வாசிகசாலையில் இந்த இதழ் வருகிறது. யாரோ அந்தப் பந்தியைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். தண்டயல் அங்கேதான் இருந்திருக்கிறார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். அதன்பின் வாசிகசாலைக்குப் போவதில்லையாம். ‘அப்பா வலைக்கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வைக்கிறார்’ என்று எழுதியிருக்கிறாள்.

என் பங்கை நான் எழுதிவிட்டேன். ஸ்டெல்லாவை இறுக்கிய கை என்னுடையது. முடிச்சு என்னுடையது. சாராயத்தை ஊற்றியவனும் நான். வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கியவனும் நான். வாசிகசாலையில் இதையும் சத்தமாக வாசிக்கட்டும்.

இனி உங்கள் பங்கு, புரொக்டர் ஐயா. அன்று காலை பத்து மணிக்கு ஜெட்டியில் நின்று, இறுக்கிக் கட்டு என்று கந்தையாவுக்கு உத்தரவு போட்டீர்களா, இல்லையா? மழை வரும், விளிம்பு சிக்கும் என்று அவர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாரா, இல்லையா? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். அடுத்த இதழில், இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். நீண்ட கட்டுரை வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கள். ஆம் என்றா, இல்லை என்றா?